சோலார் வேலைக்குப் பயிற்சி: பெங்களூரில் நமக்கு எந்த வழி சரிப்படும்?

விவேக்நகர், எஜிபுரா, ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் நலச் சங்கத்தில் இந்த வருடம் ஓரளவு நல்ல தொகை சேர்ந்திருக்கிறது. வழக்கமான நோட்டுப் புத்தகம், கல்விக் கட்டண உதவியைத் தாண்டி, இருபது பேருக்காவது பிழைப்புக்கு வழி செய்யும் காரியத்தில் அதைப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. சோலார், காற்றாலை, மின்வண்டி மாதிரியான தொழில்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யலாம் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது. எப்படிச் செய்வது என்று பேச்சு வந்ததும் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அரசின் இலவசக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறார்கள் சிலர். ஐடிஐ படிக்க வைப்பதே நிலைக்கும் என்கிறார்கள் பெரியவர்கள். சங்கக் கட்டிடத்திலேயே பயிற்சி மையம் திறக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. கம்பெனிகளோடு பேசி, வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கும் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடலாம் என்று இன்னொரு தரப்பு.

எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டராக இந்த ஊரில் ரொம்ப வருடமாக வேலை பார்ப்பவன் என்பதால், ஒவ்வொரு வழியையும் அலசி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே வயரைத் தொட்டுப் பழகிய பையன்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு சோலாரை மேல்படிப்பு மாதிரிச் சொல்லிக்கொடுத்து, சம்பளத்தோடு ஒரு வருடம் கம்பெனியில் உட்கார வைப்பதற்குத்தான் இந்தப் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டும். ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு மூன்று மாதத்தில் சோலார் கற்றுத்தந்து வேலைக்கு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில், வேலை எங்கே இருக்கிறது?

பயிற்சியை எப்படி நடத்துவது என்று யோசிக்கும் முன்னால், பயிற்சி முடித்தவன் மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பான் என்று பார்க்க வேண்டும்.

சோலார் என்றதும் பலருக்கு நினைவு வருவது பாவகடா. துமகூரு மாவட்டத்தில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய சோலார் பூங்காக்களில் ஒன்று. ஆனால் அது பெங்களூரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது. கட்டி முடித்ததும் பேனல் கழுவ, புல் வெட்ட, காவல் காக்க அந்தந்த ஊர்க்காரர்களே போதும். மேற்பார்வைக்குக் கொஞ்சம் என்ஜினியர்கள், டெக்னீஷியன்கள், அவ்வளவுதான். சி.இ.இ.டபிள்யூ, என்.ஆர்.டி.சி என்ற இரண்டு ஆய்வு அமைப்புகளும் சேர்ந்து 2017-இல் போட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கும் வேலையை ஒன்று என்று வைத்தால், ஒரு மெகாவாட் மொட்டை மாடி சோலாருக்குச் சுமார் 24.7 வேலை வேண்டும். தரையில் போடும் பெரிய சோலார் நிலையத்துக்கு 3.45 போதும். காற்றாலைக்கு 1.27. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்றால் நம் கண் மாடியைப் பார்க்க வேண்டும். மாடிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

இதில் பெங்களூருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்நாடகத்தில் 2023 முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். எஜிபுராவில் ஒரு படுக்கையறை வீட்டில் இருப்பவருக்கு கரண்ட் பில்லே வருவதில்லை. அவர் எதற்கு லட்சக்கணக்கில் செலவழித்து பேனல் மாட்டப் போகிறார்? மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனாலும் இங்கே சின்ன வீடுகளிடமிருந்து பெரிய கூட்டம் வரும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. தனி வீடு வைத்து மாதம் 400, 500 யூனிட் ஓட்டுபவர்கள், அபார்ட்மெண்ட் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், பீன்யா, பொம்மசந்திரா பக்கத்துத் தொழிற்கூடங்கள், இவர்கள்தான் இங்கே வாடிக்கையாளர்கள். அபார்ட்மெண்டுகளின் பொது விளக்கு, லிஃப்ட், தண்ணீர் மோட்டாருக்காகப் போடும் சோலாருக்கும் அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இந்த மாதிரி இடங்களில் ஒரே மாடியில் முப்பது, ஐம்பது கிலோவாட் என்று வேலை பெரிதாக இருக்கும். அங்கே ஹெல்பர் வேலைக்கு ஆள் ஏராளம். தப்பில்லாமல் வேலை செய்து, கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கும் ஆளுக்குத்தான் தட்டுப்பாடு.

சூர்ய கர் திட்டத்தில் மாட்டிக்கொடுத்த நிறுவனமே ஐந்து வருடம் பராமரித்துத் தர வேண்டும் என்ற விதியையும் மறக்கக் கூடாது. மாட்டும் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பராமரிப்பு வருடக்கணக்கில் நிற்கும். பழுது கண்டுபிடிக்கத் தெரிந்தவனை எந்த முதலாளியும் விடமாட்டார்.

இலவசக் குறுகிய காலப் பயிற்சி

இதில் பெயர் பெற்றது சூர்யமித்ரா. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2015-இல் தொடங்கியது. குருகிராமில் இருக்கும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் மூலம் நடத்துகிறார்கள். 600 மணி நேரப் பயிற்சி, அதாவது கிட்டத்தட்ட மூன்று மாதம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இலவசம். ஐந்து வருடத்தில் 50,000 பேரைத் தயார் செய்வது தொடக்க இலக்கு. நல்ல நோக்கம், பாடத்திட்டமும் மோசமில்லை.

ஆனால் அதன் சேர்க்கை விதியைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு எலெக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் மாதிரி ஏதாவது ஒரு பிரிவில் ஐடிஐ முடித்தவர்களுக்காக வகுத்த பயிற்சி அது. டிப்ளமோக்காரர்களுக்கு முன்னுரிமை. 600 மணி நேரத்தில் சோலாரைச் சொல்லித் தரலாம், மின்சாரத்தை அடியிலிருந்து சொல்லித் தர முடியாது என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு லாரி பழக்குவது சுலபம், ஸ்டீயரிங்கே பிடிக்காதவனை நேராக லாரியில் ஏற்ற முடியாது. நம் கூட்டத்தில் இலவசப் பயிற்சி என்றதும் கை தூக்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் பியுசியை (இங்கே பிளஸ் டூவுக்குப் பெயர்) நடுவில் விட்டவர்கள், டெலிவரி வண்டி ஓட்டுபவர்கள். அவர்களுக்கு இந்தக் கதவு நேராகத் திறக்காது.

தனியார் நிலையங்களும் இதே மாதிரிப் பயிற்சி தருகின்றன. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படி ஒரு நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தான். புரொஜெக்டரில் படம் காட்டினார்கள், பேனலைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்தார்கள், லேமினேட் செய்த சான்றிதழ் தந்தார்கள். வேலைக்கு என்று கொடுத்த மூன்று நம்பரில் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. இப்போது பழையபடி வண்டி ஓட்டுகிறான். சான்றிதழைக் காட்டி, "அண்ணா, இதுக்கு மேல என்ன பண்ணணும்?" என்று என்னிடம் கேட்டான். அதற்கு மேல் அவனுக்கு வேண்டியது வயர்மேன் பெர்மிட்.

இந்த ஒரு விஷயத்தை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். மின் இணைப்பு வேலை யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதல்ல. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கர்நாடகத்தில் கான்ட்ராக்டர் லைசென்ஸ், சூப்பர்வைசர் பெர்மிட், வயர்மேன் பெர்மிட் மூன்றையும் தருவது மின் ஆய்வாளர் துறை. மூன்று மாதச் சோலார் சான்றிதழ் அந்தப் பெர்மிட்டுக்கு ஈடாகாது. பெர்மிட் இல்லாதவன் எத்தனை வருடம் உழைத்தாலும் இன்னொருவர் பெயரில்தான் வேலை செய்வான். பெர்மிட் உள்ளவன் சம்பளம் பேசலாம், நாளைக்குக் கான்ட்ராக்டர் லைசென்ஸும் வாங்கினால் தன் பெயரில் வேலை எடுத்துச் சொந்தமாகத் தொழில் வைக்கலாம்.

ஐடிஐ

அந்தப் பெர்மிட்டுக்கு நேர்வழி இதுதான். எலெக்ட்ரீஷியன் பிரிவும் வயர்மேன் பிரிவும் இரண்டு வருடம். சோலார் டெக்னீஷியன் என்று தனியாக ஒரு வருடப் பிரிவும் இருக்கிறது. அரசு ஐடிஐயில் கட்டணம் பெரிய சுமையில்லை. கர்நாடக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 150 அரசு ஐடிஐக்களைப் புதுக் கருவிகளோடு மேம்படுத்தியிருக்கிறது, ஆகவே பழைய மாதிரித் துருப்பிடித்த லேத் மெஷினும் சுண்ணாம்புக் கரும்பலகையும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பெற்றோர் கேட்டால், தயங்காமல் எலெக்ட்ரீஷியன் என்பேன். சோலார் டெக்னீஷியன் ஒரு வருடத்தில் முடிகிறது, பெயரிலேயே சோலார் இருக்கிறது என்று மனம் அங்கே போகும். ஆனால் எலெக்ட்ரீஷியன் படித்தவன் சோலாருக்கும் போகலாம், லிஃப்ட் கம்பெனிக்கும் போகலாம், பெங்களூர் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் எழுதலாம், மின்வண்டி சார்ஜர் மாட்டவும் போகலாம். அரசின் மானியக் கொள்கை அடுத்த வருடமே மாறக்கூடும். அப்போதும் இவன் கையில் தொழில் இருக்கும்.

குறை என்ன என்றால் காலம். வீட்டு வாடகைக்குத் தோள் கொடுக்கும் இருபது வயதுப் பையனால் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் உட்கார முடியாது. ஆகவே ஐடிஐ என்பது இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கான யோசனை. சங்கம் அவர்களுக்குச் செய்ய வேண்டியதும் சின்னதுதான்: சேர்க்கை நேரத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, விண்ணப்பம் ஆகியவற்றில் கூட நிற்பது, பஸ் பாஸ், ஒரு டூல் கிட். இதற்குப் பெரும் பணம் தேவைப்படாது.

சங்கத்தின் சொந்தப் பயிற்சி மையம்

கூட்டத்தில் இதற்குத்தான் கைதட்டல் அதிகம் விழுந்தது. நம் கட்டிடம், நம் பெயர்ப்பலகை, நம் பிள்ளைகள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். கர்நாடகத்தின் சொந்த அனுபவமும் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. ஹரீஷ் ஹண்டே 1995-இல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய செல்கோ, கிராமத்து வீடுகளுக்கு சோலார் விளக்கு கொடுத்தபோது, உள்ளூர்க் கிளைகளில் உள்ளூர் ஆட்களையே டெக்னீஷியன்களாக வளர்த்தது. ராஜஸ்தானில் திலோனியா பேர்ஃபுட் காலேஜ் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குக்கூட, பாகங்களை நிறத்தால் அடையாளம் காட்டிச் சோலார் விளக்கு செய்யக் கற்றுத் தந்தது. படிப்பு குறைவு என்பது தொழில் கற்கத் தடையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அங்கே கற்றவர்கள் கையாண்டது கிராமத்து வீட்டு விளக்குகள், பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிக் கணக்கு. இங்கே அபார்ட்மெண்ட் மாடியில் இருப்பது வேறு மிருகம். அதை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பயிற்சியின் தரம் உயிர் சம்பந்தப்பட்டது.

550 வாட் பேனல் ஒன்று சுமை இல்லாதபோது ஏறக்குறைய 50 வோல்ட் காட்டும். பத்துப் பேனலை வரிசையாகக் கோத்தால் 500 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வெயில் இருக்கும்வரை அதை முழுசாக அணைக்க சுவிட்ச் கிடையாது. இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சைத் திருப்பினாலும், பேனலிலிருந்து அதுவரை வரும் வயரில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். வீட்டு வயரிங்கில் பழகியவன் "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று நிம்மதியாகக் கை வைப்பான், அந்தப் பழக்கமே இங்கே ஆபத்து. நம் வீட்டுக்கு வரும் ஏசி (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளியே இல்லை. பிடித்த பொறி எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பொறி கிளம்பும் இடம் பெரும்பாலும் சுண்டுவிரல் நீளத்துக் கனெக்டர். வயர் நுனியை ஏழெட்டு மில்லிமீட்டர் தோலுரிக்க வேண்டும், உள்ளே ஒரு இழைகூட அறுபடக் கூடாது. உலோக முனையைப் போட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலில் அழுத்த வேண்டும். இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு டிக் என்று சத்தம் கேட்கும்வரை உறைக்குள் தள்ளி, பின்பக்க மூடியை இறுக்க வேண்டும். அவசரத்தில் கட்டிங் பிளையரால் நசுக்குபவர்களை நான் சைட்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எல்லாம் ஓடும். சில மாத வெயிலும் மழையும் பட்டபின் அந்த முனை சூடாகி, பிளாஸ்டிக் உருகி, கருகிய வாசனை வரும். இரண்டு வேறு கம்பெனிக் கனெக்டர்களைச் சேர்த்து மாட்டினாலும் இதே கதைதான், பொருந்துவது போலத் தெரியும், உள்ளே சரியாகத் தொடாது. இந்த ஒரு முனையை ஐம்பது தடவை செய்து, ஐம்பதையும் ஒருவர் இழுத்துச் சோதித்துப் பார்க்காமல், எந்தப் பிள்ளைக்கும் நாம் சான்றிதழ் தரக் கூடாது.

மாடி ஓரத்தில் சேஃப்டி பெல்ட் எதில் மாட்டுவது, தளத்தைத் துளைத்தால் எங்கே ஒழுகும், துளைக்காமல் கான்கிரீட் கட்டை வைத்து எப்படி நிறுத்துவது, காற்று எந்தப் பக்கம் தூக்கும், எர்த்தும் இடிதாங்கியும் எப்படித் தனித்தனியே இறங்க வேண்டும், இதெல்லாம் இதே அளவு பயிற்சி கேட்கும். இதற்கு முழுநேர ஆசிரியர் வேண்டும், கருவிகள் வேண்டும், டிசியை ஏசியாக மாற்றும், வருடா வருடம் மாடல் மாறும் இன்வெர்ட்டர்கள் வேண்டும், அரசு அங்கீகாரம் வாங்கி மதிப்பீட்டாளரை வரவழைக்க வேண்டும். இருபது பேருக்காக இத்தனையும் கட்டினால் முதல் வருடத்தோடு பணம் தீரும். இரண்டாம் வருடம் நன்கொடைக்கு ஓட வேண்டும், மூன்றாம் வருடம் மையத்துக்குப் பூட்டு. இந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் செய்யலாம், செய்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். சங்கக் கட்டிட மாடியில் 3 கிலோவாட் சோலார் போட வேண்டும். அதற்குச் சுமார் 300 சதுர அடி போதும். பெங்களூர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் சுமாராக வரும், சங்கத்தின் கரண்ட் செலவு குறையும். அதே அமைப்பில் பிள்ளைகள் மாட்டிக் கழற்றிப் பழகலாம், வேண்டுமென்றே ஒரு பேனலுக்கு நிழல் காட்டி உற்பத்தி எப்படிச் சரிகிறது என்று மீட்டரில் பார்க்கலாம், மிஞ்சிய மின்சாரம் வெளியே போவதையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டருக்குப் பெஸ்காமில் விண்ணப்பம் போடுவதிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதுவரை ஒரு சுற்று முழுசாகக் கற்கலாம்.

அப்ரண்டிஸ்

எனக்குப் பிடித்த வழி இது. அதன் பலவீனத்தையும் மறைக்கப் போவதில்லை.

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம். பெங்களூரில் மாடி சோலார் மாட்டும் கம்பெனிகளில் பல இந்த இரண்டாவது வகையில்தான் வரும். 2019-இல் திருத்திய விதியில் குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாயை அரசே தருகிறது. மீதியை முதலாளி தர வேண்டும். இப்படிச் சட்டப்படி எடுக்கலாம் என்பதே என் பழக்கத்தில் உள்ள சின்னக் கம்பெனிக்காரர்கள் பலருக்குத் தெரியவில்லை. பதிவு செய்யும் போர்ட்டல் வேலை அவர்களுக்குத் தலைவலி. அந்தத் தலைவலியைச் சங்கம் வாங்கிக்கொண்டால் கதவு திறக்கும்.

பலவீனம் இரண்டு. ஒன்று, அப்ரண்டிஸ் என்று எடுத்து வருடம் முழுக்கப் பேனல் சுமக்க விடுவது. பையன் முதுகுதான் கற்றுக்கொள்ளும். இரண்டு, அந்த உதவித்தொகையை வைத்து இந்த ஊரில் பிழைக்க முடியாது. வீட்டு வயரிங் வேலை பார்க்கும் பையன் ஒருவனிடம் இந்த யோசனையைச் சொன்னபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணா, கத்துக்கிறது எல்லாம் சரி. ஒரு வருஷம் வீட்டு வாடகை யார் கட்டுவாங்க?" சங்கப் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்தக் கேள்விதான். கட்டிடத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் போகும் பணத்தை, உதவித்தொகைக்கு மேல் மாதம் நாலாயிரம், ஐயாயிரம் என்று பையன் கையில் கொடுத்தால், அவன் டெலிவரி வண்டிக்குத் திரும்பாமல் வருடத்தை முடிப்பான். ஒருவருக்கு மாதம் 4,000 என்றால் இருபது பேருக்கு வருடத்துக்கு 9,60,000 ரூபாய். சொந்த மையம் நடத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது கட்டுப்படியாகும், ஒவ்வொரு ரூபாயும் பிள்ளைகளிடமே போகும்.

காற்றாலையையும் மின்வண்டியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றாலை வேலை சித்ரதுர்கா, கதக் பக்கம் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் என்றால் முப்பந்தல். சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் கோபுரம் ஏற உலகளாவிய பாதுகாப்புச் சான்று கேட்பார்கள், அதை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், குடும்பத்தை விட்டு வெளியூரில் இருக்க வேண்டும். ஆர்வமுள்ள ஓரிருவருக்குத் தனியாகக் கைகொடுக்கலாம், இருபது பேர் திட்டமாக அது வராது. மின்வண்டிச் சர்வீஸ் பெங்களூரில் வளரும் தொழில்தான், ஆனால் அந்தந்தக் கம்பெனி தன் வண்டிக்குத் தானே பயிற்சி தருகிறது. சார்ஜர் மாட்டுவது எலெக்ட்ரீஷியன் வேலை, மேலே சொன்ன பாதையிலேயே அதுவும் வந்துவிடுகிறது.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டு வயரிங் பையன்கள் முதலில். அடுத்து நான் சொல்லப்போவது கூட்டத்தில் யாரும் நினைக்காத ஒரு பிரிவினர்: சோலார் வாட்டர் ஹீட்டர் ரிப்பேர் செய்பவர்கள். 2007-இலிருந்து புது வீடுகளுக்கு பெஸ்காம் சோலார் ஹீட்டரைக் கட்டாயமாக்கியதால், நாட்டிலேயே இவ்வளவு ஹீட்டர் உள்ள நகரம் வேறு இல்லை என்று சொல்லும்படி பெங்களூர் ஆனது. மாடி ஏறிப் பழகிய கால், தெற்குத் திசை தெரிந்த கண், வீட்டுக்காரரிடம் பேசத் தெரிந்த வாய் மூன்றும் அவர்களிடம் இருக்கிறது. மின்சாரம் மட்டும் சேர்த்தால் போதும். ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் இந்தத் தொழிலில் நம் ஆட்கள் பலர் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி அம்மாக்கள் கேட்டார்கள். மாடி ஏறுவதில் ஆசை உள்ளவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை, பெல்ட் எல்லோருக்கும் ஒன்றுதான். அதோடு, மாடியை அளந்து நிழல் கணக்குப் பார்த்துப் படம் போடுவது, மானிய விண்ணப்பம், நெட் மீட்டர் கோப்பு, இன்வெர்ட்டர்களை ஆன்லைனில் கண்காணித்து எது படுத்துவிட்டது என்று கண்டுபிடிப்பது ஆகிய வேலைகளுக்குக் கம்பெனிகள் ஆள் தேடுகின்றன. பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள்கூட ஆறு மாதத்தில் இதைப் பிடித்துவிடலாம். இருபதில் ஆறு இடமாவது அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

மொழி விஷயத்திலும் தெளிவாக இருக்கலாம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம். சைட்டில் ஹெல்பர்கள் பேசுவது ஹிந்தி, பெஸ்காம் அலுவலகத்தில் கன்னடம். முதல் மாதம் பாதுகாப்புப் பாடங்களைத் தமிழிலேயே நடத்த வேண்டும், ஏனென்றால் 500 வோல்ட் பற்றி அரைகுறையாகப் புரிந்துகொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. அதன் பிறகு கன்னடம் படிக்கவும் எழுதவும் தெரியாதவர்களுக்கு வாரம் இரண்டு மாலை கன்னட வகுப்பு. கோப்பு எழுதத் தெரிந்தவன்தான் இந்த ஊரில் சூப்பர்வைசர் ஆவான்.

ஆகவே சங்கத்தின் முன் நான் வைக்கும் திட்டம் இது. வயரிங், பிளம்பிங் அனுபவம் உள்ளவர்களையும் ஆறு பெண்களையும் சேர்த்து இருபது பேர். மூன்று மாதம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சங்க மாடி அமைப்பில் பயிற்சி, பகலில் அவரவர் வேலையை விட வேண்டாம். பிறகு ஒரு வருடம் பதிவு செய்த அப்ரண்டிஸ், மாதாமாதம் சங்கத்தின் 4,000 ரூபாயோடு. அந்த வருடத்துக்குள் பெர்மிட்டுக்கு என்ன குறைகிறதோ அதை எழுதிவைத்து முடிக்க வேண்டும். ஐடிஐ சான்று இல்லாதவர்களுக்குத் தேர்வுக் கட்டணமும் வகுப்பும் சங்கத்தின் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐடிஐ சேர்க்கை உதவி தனியாக நடக்கும்.

கம்பெனிகளிடம் கையெழுத்து வாங்கும் காகிதத்தில் மூன்று நிபந்தனை இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது பையன் கையில் டூல் இருக்க வேண்டும், சுமையோடு நிறுத்தக் கூடாது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் இன்ஷூரன்ஸும் கம்பெனி தர வேண்டும். வருட முடிவில் வேலைக்கு எடுப்பார்களா, என்ன சம்பளத்துக்கு என்பதை முதல் நாளே எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த நான்கைந்து நிறுவனங்களோடு பேச்சைத் தொடங்கிவிட்டேன். பத்து இடத்துக்காவது இப்படிக் கையெழுத்து வந்தால் தை மாதம் முதல் வகுப்பைத் தொடங்கலாம். வராவிட்டால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும், கையெழுத்து வரும்வரை பிள்ளைகளிடம் வேலை உறுதி என்று நாம் வாயைத் திறக்கக் கூடாது.